'சுளுக்குதான்' என்று விட்ட மணிக்கட்டு வலி... கூடாத எலும்பைச் சேர்க்கும் அறுவை சிகிச்சை!

மணிக்கட்டுக்குள் இருக்கும் முந்திரிப் பருப்பு அளவு எலும்பு முறிந்தால், முதல் எக்ஸ்-ரேயில்கூடத் தெரியாமல் போகலாம். அதைக் கவனிக்காமல் விட்டால் என்ன ஆகும்? பல மாதங்கள் கழித்தும் சரிசெய்ய முடியுமா?

மழை பெய்த ரோட்டில் பைக் சறுக்குகிறது. கபடி ஆடும்போது கால் இடறுகிறது. பாத்ரூமில் வழுக்குகிறது. எப்படி விழுந்தாலும் உடல் முதலில் செய்யும் காரியம் ஒன்றுதான்: கையை முன்னால் நீட்டித் தரையில் ஊன்றுவது. முகமும் தலையும் தப்பித்துவிடும். மொத்த எடையும் உள்ளங்கை வழியாக மணிக்கட்டில் இறங்கும்.

கொஞ்சம் வீக்கம், கொஞ்சம் வலி. விரல்களை மடக்க முடிகிறது, கையைத் திருப்பவும் முடிகிறது. "எலும்பு உடைஞ்சிருந்தா கையை அசைக்கவே முடியாதே, இது சுளுக்குதான்" என்று வீட்டில் யாராவது தீர்ப்பு சொல்லிவிடுவார்கள். ஆயின்மென்ட், கிரேப் பேண்டேஜ், எண்ணெய் தேய்த்து நீவுதல் என்று சில நாள்கள் போகும். இரண்டு, மூன்று வாரங்களில் வலியும் குறைந்துவிடும்.

ஆறு மாதம் கழித்து, தண்டால் எடுக்கும்போதோ, நாற்காலியின் கைப்பிடியை ஊன்றி எழும்போதோ, சோற்றுப் பானையைச் சாய்த்துக் கஞ்சி வடிக்கும்போதோ மணிக்கட்டில் சுரீர் என்று வலிக்கும். அப்போது எடுக்கும் எக்ஸ்-ரேயில்தான் விஷயம் தெரியவரும். அன்று நடந்தது சுளுக்கு அல்ல, எலும்பு முறிவு. அந்த எலும்பு இன்றுவரை கூடவே இல்லை!

எலும்பியல் மருத்துவர்களும் கை அறுவை சிகிச்சை நிபுணர்களும் அடிக்கடி சந்திக்கும் பிரச்னை இது. பாதிக்கப்படுபவர்களில் பெரும்பாலானோர் 15 முதல் 30 வயதுக்குள் இருக்கும் இளைஞர்கள், அதிலும் ஆண்கள் அதிகம். கையை நம்பிப் பல ஆண்டுகள் வேலை பார்க்கவேண்டிய வயது என்பதால்தான் இதை அலட்சியப்படுத்தக் கூடாது.

முந்திரிப் பருப்பு போல ஓர் எலும்பு

மணிக்கட்டு என்பது ஒரே எலும்பு அல்ல. எட்டுச் சிறிய எலும்புகள் இரண்டு வரிசைகளாக அடுக்கப்பட்ட அமைப்பு அது. அவற்றில் கட்டைவிரல் பக்கம் இருப்பதுதான் ஸ்கேஃபாய்டு. கிரேக்க மொழியில் படகைக் குறிக்கும் சொல்லில் இருந்து வந்த பெயர் இது. ஆனால், நம் கண்ணுக்கு இது ஒரு முழு முந்திரிப் பருப்பைப் போலத்தான் தெரியும். நீளமும் ஏறத்தாழ அவ்வளவுதான், சுமார் இரண்டரை சென்டிமீட்டர்.

அளவில் சிறியது என்றாலும் வேலை பெரியது. மணிக்கட்டின் இரண்டு வரிசைகளுக்கும் நடுவே பாலம்போல நின்று, இரண்டும் ஒன்றாக அசைய வழிசெய்வது இந்த எலும்புதான். விழும்போது மணிக்கட்டு பின்பக்கமாக வளையும். அப்போது மேலேயிருந்தும் கீழேயிருந்தும் நசுக்கப்படுவதும் இதுதான். மணிக்கட்டின் எட்டு எலும்புகளில் அதிகமாக முறிவது இதுவே. அதிலும் மூன்றில் இரண்டு பங்கு முறிவுகள், முந்திரிப் பருப்பின் வளைவு இருக்கும் நடுப்பகுதியில் நடக்கின்றன. மருத்துவர்கள் அதை எலும்பின் 'இடுப்பு' என்பார்கள்.

கடைமடைக்குத் தண்ணீர் போகாத கதை

முன்கை எலும்பு முறிந்தால் கட்டுப் போட்டுச் சில வாரங்களில் கூடிவிடுகிறது. இந்தச் சின்ன எலும்பு மட்டும் ஏன் கூட மறுக்கிறது? காரணம், அதற்கு ரத்தம் போகும் பாதை.

ஸ்கேஃபாய்டு எலும்பின் பெரும்பகுதிக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய், விரல் பக்கத்துக்கு நெருக்கமான இடத்தில் எலும்புக்குள் நுழைகிறது. அங்கிருந்து பின்னோக்கித் திரும்பி, முன்கைப் பக்கம் இருக்கும் முனைக்குப் போகிறது. எலும்பின் 70 முதல் 80 சதவிகிதப் பகுதி இந்த ஒரு பாதையை நம்பியே இருக்கிறது என்பதை, 1980-ல் அமெரிக்க மருத்துவர்கள் கெல்பர்மனும் மேனனும் வெளியிட்ட ஆய்வு காட்டியது.

வாய்க்காலின் நடுவில் உடைப்பு ஏற்பட்டால் தலைமடைக்குப் பாதிப்பில்லை, கடைமடை வயல்தான் காயும். இங்கேயும் அதே கதைதான். எலும்பு நடுவில் முறிந்தால், முன்கைப் பக்கம் இருக்கும் துண்டுக்கு ரத்தம் குறைகிறது. முறிவு அந்த முனைக்கு எவ்வளவு அருகில் இருக்கிறதோ, அவ்வளவுக்கு ஆபத்து அதிகம். ரத்தமே போகாத துண்டு மெல்ல உயிரிழக்கும். மருத்துவத்தில் இதை 'ஏவாஸ்குலர் நெக்ரோசிஸ்' என்பார்கள்.

இன்னொரு சிக்கலும் உண்டு. இந்த எலும்பின் மேற்பரப்பில் பெரும்பகுதியை வழுவழுப்பான குருத்தெலும்பு மூடியிருக்கிறது, சுற்றிலும் மூட்டுத் திரவம். மற்ற எலும்புகள் முறிந்தால் வெளிப்பக்கத்தில் புது எலும்பு திரண்டு, பிளவைச் சுற்றிப் பிடித்துக்கொள்ளும். ஸ்கேஃபாய்டுக்கு அந்த வசதி குறைவு. உடைந்த முகங்கள் நேருக்கு நேர் ஒட்டி, அசையாமல் இருந்தால்தான் கூடும். மணிக்கட்டோ நாள் முழுக்க அசைந்துகொண்டே இருக்கும்.

முதல் எக்ஸ்-ரே 'நார்மல்' என்றால் நிம்மதியா?

கட்டைவிரலை நன்றாக விரித்து நீட்டிப் பாருங்கள். அதன் அடியில், மணிக்கட்டின் பக்கவாட்டில் ஒரு சின்னப் பள்ளம் தெரியும். அந்தக் காலத்தில் மூக்குப்பொடியை அதில் வைத்து உறிஞ்சுவார்களாம், அதனால் மருத்துவப் புத்தகங்களில் அதற்கு 'மூக்குப்பொடிப் பள்ளம்' என்றே பெயர். ஸ்கேஃபாய்டு எலும்பு இதற்கு நேர் அடியில்தான் இருக்கிறது. விழுந்த பிறகு இந்தப் பள்ளத்தில் அழுத்தினால் வலிக்கிறது என்றால், முறிவு இல்லை என்று உறுதியாகும்வரை முறிவு இருப்பதாகவே கருத வேண்டும் என்பது மருத்துவ மாணவர்களுக்குச் சொல்லித்தரப்படும் பாலபாடம்.

விழுந்த அன்று எடுக்கும் எக்ஸ்-ரேயில் மயிரிழை போன்ற விரிசல் தெரியாமல் போவது உண்டு. அது எக்ஸ்-ரே எடுத்தவரின் தவறாக இருக்க வேண்டும் என்பதில்லை. விரிசலின் இரு ஓரங்களிலும் எலும்பு சற்றுக் கரைந்த பிறகுதான் கோடு தெளிவாகத் தெரியும். அதற்கு 10 முதல் 14 நாள்கள் ஆகும். அதனால்தான், சந்தேகம் இருந்தால் கையை அசையாமல் கட்டிவைத்து, இரண்டு வாரம் கழித்து மீண்டும் எக்ஸ்-ரே எடுக்கச் சொல்வார்கள். வலி குறைந்துவிட்டது என்று அந்த இரண்டாவது முறைக்குப் போகாமல் இருப்பவர்கள்தான் பிறகு சிக்கிக்கொள்கிறார்கள்.

இரண்டு வாரம் காத்திருக்க முடியாது என்பவர்களுக்கு எம்.ஆர்.ஐ ஸ்கேன் இருக்கிறது. எக்ஸ்-ரேயில் தெரியாத முறிவையும் அது ஓரிரு நாள்களிலேயே காட்டிவிடும். எலும்பு எவ்வளவு விலகியிருக்கிறது என்று அளக்க சி.டி ஸ்கேன் உதவும்.

எல்லோருக்கும் ஆபரேஷன் தேவையா?

தேவையில்லை. சரியான நேரத்தில் கண்டுபிடித்தால், விலகாத முறிவுகளில் சுமார் 90 சதவிகிதம் மாவுக்கட்டிலேயே கூடிவிடும். விரல் பக்க முனையில் முறிந்தால் 6 முதல் 8 வாரங்கள், நடுப்பகுதி என்றால் 8 முதல் 12 வாரங்கள் ஆகும். முன்கைப் பக்க முனை இன்னும் மெதுவாகவே கூடும். அதனால் அந்த இடத்து முறிவுக்கு ஆரம்பத்திலேயே ஸ்க்ரூ வைத்துவிடுவது வழக்கம். எலும்பு அதிகமாக விலகியிருந்தாலும் அறுவை சிகிச்சைதான்.

விலகல் குறைவாக இருக்கும் நடுப்பகுதி முறிவுக்கு மாவுக்கட்டா, உடனே ஸ்க்ரூவா என்பது நீண்டகால விவாதம். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் உள்ள 31 மருத்துவமனைகளில் 439 பேரை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. 'லான்செட்' மருத்துவ இதழில் 2020-ல் அதன் முடிவு வெளியானது. விலகல் 2 மி.மீட்டருக்குள் இருந்தவர்களை ஓராண்டு கழித்துப் பார்த்தபோது, உடனே ஸ்க்ரூ வைத்தவர்களுக்கும் முதலில் மாவுக்கட்டு போட்டவர்களுக்கும் வலியிலோ கையின் செயல்பாட்டிலோ குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. இதில் ஒரு நிபந்தனை உண்டு: மாவுக்கட்டில் கூடவில்லை என்று தெரிந்தால், தாமதிக்காமல் அறுவை சிகிச்சை செய்துவிட வேண்டும். கட்டைப் பிரித்ததோடு வேலை முடிந்தது என்று மருத்துவமனைப் பக்கமே போகாமல் இருந்தால், இந்த ஆய்வின் நல்ல செய்தி நமக்குப் பொருந்தாது.

கூடவில்லை என்று எப்போது சொல்வார்கள்?

பொதுவாக, முறிந்து ஆறு மாதங்கள் ஆகியும் எலும்பு சேரவில்லை என்றால் அதைக் 'கூடாத முறிவு' என்பார்கள். அதற்கு முன்பே, மூன்று நான்கு மாதங்களில் எடுக்கும் சி.டி ஸ்கேனில் இடைவெளி விரிந்திருந்தாலோ, ஓரங்கள் வெளுத்து இறுகியிருந்தாலோ மருத்துவர்கள் எச்சரிக்கையாகிவிடுவார்கள்.

இதில் ஏமாற்றும் விஷயம் என்னவென்றால், கூடாத எலும்பு எப்போதும் வலிப்பதில்லை. சிலருக்குப் பல ஆண்டுகள் பெரிய தொந்தரவே இருக்காது. வேறு எதற்கோ எக்ஸ்-ரே எடுக்கும்போது, "எப்பவோ விழுந்தீங்களா?" என்று மருத்துவர் கேட்ட பிறகுதான் பள்ளிக்கூடத்தில் விழுந்தது ஞாபகம் வரும்.

வலி இல்லை என்பதற்காக அப்படியே விட்டுவிட்டால்? இரண்டாக உடைந்த எலும்பு மெல்ல மடங்கி, கூன் விழுந்ததுபோல் ஆகிவிடும். பாலம் சரிந்ததும் பக்கத்து எலும்புகள் இடம் மாறும். உரசக் கூடாத இடங்கள் உரசி, குருத்தெலும்பு தேயும். கூடாமல் விட்ட 47 முறிவுகளை ஆராய்ந்து அமெரிக்க மருத்துவர்கள் 1984-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். மாற்றங்கள் எலும்புக்குள் மட்டும் இருந்தவர்களுக்குக் காயம்பட்டுச் சராசரியாக 8 ஆண்டுகள் ஆகியிருந்தன. ஸ்கேஃபாய்டும் முன்கை எலும்பும் சேரும் இடத்தில் தேய்மானம் வந்தவர்களுக்குச் சுமார் 17 ஆண்டுகள். மணிக்கட்டு முழுக்கத் தேய்ந்தவர்களுக்குச் சுமார் 31 ஆண்டுகள்.

இதை வயதாக மாற்றிப் பார்த்தால் விஷயத்தின் கனம் புரியும். 20 வயதில் விழுந்தவருக்கு 37 வயதில் மூட்டுத் தேய்மானம். மேஸ்திரி, தையல்காரர், முடி திருத்துபவர், டெலிவரி ஊழியர் என்று கையை வைத்துப் பிழைப்பவருக்கு, அது குழந்தைகளின் பள்ளிக் கட்டணம் ஏறிக்கொண்டிருக்கும் வயது.

அறுவை சிகிச்சையில் என்ன செய்கிறார்கள்?

கூடாத எலும்பைக் கூட வைக்க மூன்று விஷயங்கள் வேண்டும்: உயிருள்ள எலும்பு முகங்கள், இடைவெளியை நிரப்பப் புது எலும்பு, அசையாத பிடிமானம். இன்றைய எல்லா முறைகளும் இந்த மூன்றைச் சுற்றியே அமைந்தவை.

சுவிட்சர்லாந்து மருத்துவர் மட்டி, 1936-ல் ஒரு வழியைச் சொன்னார். கூடாத எலும்பின் உட்பகுதியைக் குடைந்து, உடலின் வேறு இடத்திலிருந்து எடுத்த மென்மையான எலும்புத் துணுக்குகளை அதில் அடைப்பதுதான் அவரது முறை. ஆஸ்திரிய மருத்துவர் ரூஸ், 1960-ல் அதை உள்ளங்கைப் பக்கத்தில் இருந்து செய்யும் விதமாக மாற்றினார். இருவர் பெயரையும் சேர்த்து 'மட்டி-ரூஸ்' என்று அந்த முறையை இன்றும் அழைக்கிறார்கள்.

அசையாத பிடிமானம் கிடைத்தது ஆஸ்திரேலியாவில் இருந்து. சாதாரண ஸ்க்ரூவுக்குத் தலை இருக்கும். மூட்டுக்குள் இருக்கும் எலும்பில் அதை முடுக்கினால், துருத்தி நிற்கும் தலை பக்கத்து எலும்பை உரசும். சிட்னியைச் சேர்ந்த மருத்துவர் டிமோதி ஹெர்பர்ட் தலையே இல்லாத ஸ்க்ரூவை உருவாக்கி, 1984-ல் அதன் பலன்களை வெளியிட்டார். அதன் இரண்டு முனைகளிலும் மரை உண்டு, ஆனால் ஒரு முனையில் மரைகளுக்கு இடையே இடைவெளி அதிகம், மறுமுனையில் குறைவு. முடுக்க முடுக்க, முன்னால் போகும் முனை வேகமாக நகர்வதால் இரண்டு எலும்புத் துண்டுகளும் ஒன்றையொன்று நெருங்கி இறுகும். முழு ஸ்க்ரூவும் எலும்புக்குள்ளேயே புதைந்துவிடும். இன்று பயன்படுத்தப்படும் பல ஸ்க்ரூக்கள் இந்த யோசனையின் வாரிசுகள்தான்.

அதே 1984-ல் மருத்துவர் ஃபெர்னாண்டஸ், கூன் விழுந்த எலும்பை நிமிர்த்தும் முறையை விவரித்தார். சாய்ந்த மேசைக்காலுக்கு ஆப்பு வைப்பதுபோல, இடுப்பெலும்பின் விளிம்பிலிருந்து ஆப்பு வடிவத்தில் ஒரு துண்டை வெட்டியெடுத்து இடைவெளியில் வைப்பது இது.

ஆபரேஷன் தியேட்டரில் இவை எல்லாம் ஒன்றுசேர்கின்றன. பெரும்பாலும் கையை மட்டும் மரத்துப்போகச் செய்யும் ஊசி போடுவார்கள். இடுப்பில் இருந்து எலும்பு எடுப்பதாக இருந்தால் மயக்க மருந்தும் தேவைப்படலாம். மணிக்கட்டில் சில சென்டிமீட்டர் நீளத்துக்குத் திறந்து, முறிந்த இடத்தில் வளர்ந்திருக்கும் நார்த்திசுவைச் சுரண்டி எடுப்பார்கள். இறுகிப்போன எலும்பையும் நீக்கி, ஆரோக்கியமான எலும்பு தெரியும்வரை போவார்கள். பிறகு வளைவை நிமிர்த்தி, எடுத்துவைத்த எலும்பை நிரப்பி, மெல்லிய கம்பியை வழிகாட்டியாகச் செலுத்துவார்கள். அதன் மேலேயே ஸ்க்ரூ ஏறும். ஒவ்வொரு கட்டத்திலும் 'சி-ஆர்ம்' எனும் எக்ஸ்-ரே கருவியின் திரையில் சரிபார்த்துக்கொள்வார்கள்.

எல்லோருக்கும் இடுப்பெலும்பு தேவைப்படாது. இடைவெளி சிறியது என்றால், மணிக்கட்டை ஒட்டிய ரேடியஸ் எனும் முன்கை எலும்பில் இருந்தே துணுக்குகளை எடுத்துக்கொள்ளலாம். எலும்பு விலகாமல், நார்த்திசுவால் ஓரளவு பிடித்துக்கொண்டிருக்கும் சிலருக்கு, எலும்பு வைக்காமல் சிறு துளை வழியே ஸ்க்ரூ மட்டும் வைத்தாலும் கூடுகிறது.

ரத்தமே போகாத துண்டுக்கு என்ன வழி?

எலும்புத் துண்டுக்கு உயிர் இருக்கிறதா என்பதை எம்.ஆர்.ஐ ஓரளவு சொல்லும். உறுதியாகத் தெரிவது தியேட்டரில்தான். அறுவை நேரத்தில் ரத்தம் கசியாமல் இருக்க, கையின் மேற்பகுதியில் இறுக்கமான பட்டை கட்டியிருப்பார்கள். அதைத் தளர்த்தியதும் எலும்பின் முகத்தில் ஊசிமுனை அளவு ரத்தப் புள்ளிகள் தோன்றினால் உயிர் இருக்கிறது. எதுவும் தோன்றாவிட்டால், அந்தத் துண்டுக்கு ரத்த ஓட்டம் நின்றுபோயிருக்கலாம்.

அந்த நிலையில் வெறும் எலும்பை மட்டும் வைப்பது, தண்ணீர் வராத வயலில் நாற்று நடுவதுபோல. அதற்காகத்தான் ரத்தக்குழாயோடு சேர்த்து எலும்பைக் கொண்டுவரும் முறை வந்தது. அர்ஜென்டினா மருத்துவர் ஸைடம்பெர்க், 1991-ல் முன்கை எலும்பின் பின்பக்கத்தில் ஓடும் சிறிய ரத்தக்குழாயைத் துண்டிக்காமல், அதனுடன் ஒட்டிய எலும்புத் துண்டை அப்படியே திருப்பி ஸ்கேஃபாய்டில் பொருத்தும் வழியைக் காட்டினார். முழங்கால் பக்கத்துத் தொடை எலும்பில் இருந்து ரத்தக்குழாயோடு துண்டை எடுத்து, மைக்ரோஸ்கோப் உதவியுடன் மணிக்கட்டு ரத்தக்குழாயில் தைத்து இணைக்கும் முறையும் இருக்கிறது.

பல ஆய்வுகளைத் தொகுத்து 2002-ல் வெளியான ஒரு கட்டுரையில், முனைத் துண்டு உயிரிழந்தவர்களில் ரத்தக்குழாயுடன் கூடிய எலும்பு வைத்தபோது 88 சதவிகிதம் பேருக்கு எலும்பு கூடியது. ஆப்பு எலும்பும் ஸ்க்ரூவும் மட்டும் வைத்தவர்களில் இது 47 சதவிகிதம். பின்னர் வந்த ஒப்பீடுகளில் வித்தியாசம் இவ்வளவு பெரிதாக இல்லை. ஆகவே, பெரிய ஆபரேஷன்தான் நல்ல ஆபரேஷன் என்று நினைக்க வேண்டாம். முறிவு எங்கே, எலும்பு எவ்வளவு சரிந்திருக்கிறது, ரத்த ஓட்டம் எப்படி என்பதை வைத்தே முறை முடிவாகும்.

மூட்டுத் தேய்ந்த பிறகு வந்தால்?

தேய்மானம் பரவிவிட்டால், ஸ்கேஃபாய்டைக் கூட வைப்பதில் பெரிய பயன் இருக்காது. அப்போது சிகிச்சையின் குறிக்கோள் வலியைக் குறைப்பது. முதல் வரிசையின் மூன்று எலும்புகளை எடுத்துவிடுவது ஒரு வழி. ஸ்கேஃபாய்டை மட்டும் எடுத்துவிட்டு, மீதமுள்ளவற்றில் நான்கு எலும்புகளை ஒன்றாக இணைப்பது இன்னொரு வழி. இரண்டிலும் மணிக்கட்டின் அசைவு ஏறத்தாழ பாதிதான் மிஞ்சும். ஆனால், வலி குறைந்து வேலைக்குத் திரும்ப முடியும்.

மணிக்கட்டு முழுவதும் தேய்ந்துபோனவர்களுக்கு, அதை அசையாதபடி நிரந்தரமாக இணைத்துவிடுவார்கள். விரல்கள் வேலை செய்யும், முன்கையைத் திருப்ப முடியும், பொருள்களை இறுக்கிப் பிடிக்கவும் முடியும். மணிக்கட்டு மட்டும் மடங்காது. தேய்மானம் தொடங்கும் முன்பே வந்திருந்தால் இவற்றுக்கெல்லாம் தேவையே இருந்திருக்காது.

ஆபரேஷனுக்குப் பிறகு பொறுமை வேண்டும்

தையல் பிரிக்க இரண்டு வாரங்கள் போதும். எலும்பு கூடுவதற்குத்தான் காலம் எடுக்கும். பொதுவாக 6 முதல் 12 வாரங்கள்வரை கையில் மாவுக்கட்டோ, கழற்றி மாட்டும் பட்டையோ இருக்கும். சுமார் மூன்று மாதத்தில் சி.டி ஸ்கேன் எடுத்து, கூடியிருப்பதை உறுதிசெய்த பிறகே பாரம் தூக்க அனுமதிப்பார்கள். கனமான வேலைக்கும் விளையாட்டுக்கும் திரும்ப நான்கு முதல் ஆறு மாதங்கள் ஆகலாம். ரத்தக்குழாயோடு எலும்பு வைத்தவர்களுக்கு இன்னும் கொஞ்சம் கூடுதலாகும்.

இந்த நாள்களில் விரல்கள், முழங்கை, தோள் மூன்றையும் அசைத்துக்கொண்டே இருக்க வேண்டும். இல்லையென்றால் எலும்பு கூடும், கை இறுகிவிடும். கட்டு பிரித்ததும் பிசியோதெரபி அவசியம். கூடிய பிறகும் மணிக்கட்டு முழுதாகப் பின்னால் வளையாமல் இருக்கலாம், அது எதிர்பார்க்கக்கூடியதுதான். ஸ்க்ரூ தொந்தரவு தராதவரை அதை எடுக்கத் தேவையில்லை.

சிகரெட், பீடி பிடிப்பவர்கள் கட்டாயம் நிறுத்த வேண்டும். புகைப்பவர்களுக்கு இந்த அறுவை சிகிச்சை தோல்வியடையும் வாய்ப்பு அதிகம் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஏற்கெனவே ரத்தம் குறைவாகப் போகும் எலும்பு இது, புகை அந்த ரத்தக்குழாய்களை மேலும் சுருக்கும். சர்க்கரை நோய் உள்ளவர்கள் அளவைக் கட்டுக்குள் வைத்திருக்க வேண்டும்.

ஆட்டுக்கால் சூப் குடிக்கலாமா? தாராளமாகக் குடிக்கலாம். பால், ராகி, முட்டை, கீரை எல்லாமே நல்லதுதான். ஆனால், விலகிப்போன எலும்பின் இடைவெளியைச் சூப் நிரப்பாது. அதேபோல, முறிவு இருக்கலாம் என்ற சந்தேகம் இருக்கும்போது எண்ணெய் தேய்த்து நீவுவதும், கையைச் சுழற்றிச் 'சுளுக்கு எடுப்பதும்' வேண்டாம். இந்த எலும்புக்கு ஆகாத ஒரே விஷயம் அசைவுதான்.

அறுவை சிகிச்சை செய்த எல்லோருக்கும் எலும்பு கூடிவிடும் என்று உத்தரவாதம் கிடையாது. பெரும்பான்மையோருக்குக் கூடுகிறது. கூடாத சிலருக்கு இரண்டாவது ஆபரேஷன் தேவைப்படலாம். முறிந்து நீண்ட காலம் ஆகியிருந்தாலோ, முனைத் துண்டு உயிரிழந்திருந்தாலோ வெற்றி வாய்ப்பு குறையும் என்பதை முன்கூட்டியே தெரிந்துகொள்வது நல்லது.

எங்கே சிகிச்சை பெறலாம்?

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் எலும்பு மருத்துவப் பிரிவை முதலில் அணுகலாம். சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் கை அறுவை சிகிச்சைக்கென்றே தனித் துறை இருக்கிறது. 2018-ல் இரண்டு கைகளையும் மாற்றிப் பொருத்தும் அறுவை சிகிச்சையைச் செய்த மருத்துவமனை அது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை வைத்திருப்பவர்கள், தங்களுக்குப் பரிந்துரைக்கப்பட்ட சிகிச்சை பட்டியலில் இருக்கிறதா என்று மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும்.

சாலை விபத்து என்றால், முதல் 48 மணி நேரத்துக்குக் கட்டணமில்லாமல் சிகிச்சை அளிக்கும் 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டம் தமிழ்நாட்டில் 2021 டிசம்பர் முதல் நடைமுறையில் உள்ளது. தலைக்காயம், கால் முறிவு என்று பெரிய காயங்களைக் கவனிக்கும் பரபரப்பில் மணிக்கட்டு வலி மறந்துபோவது சகஜம். அங்கே இருக்கும்போதே, "கட்டைவிரல் பக்கமும் வலிக்கிறது" என்று சொல்லிவிடுங்கள்.

மருத்துவரிடம் கேட்க ஐந்து கேள்விகள்

1. முறிவு எலும்பின் எந்தப் பகுதியில் இருக்கிறது? எவ்வளவு விலகியிருக்கிறது?

2. முன்கைப் பக்கத் துண்டுக்கு ரத்த ஓட்டம் இருக்கிறதா? அதை எப்படி உறுதிசெய்தீர்கள்?

3. மூட்டில் தேய்மானம் தொடங்கிவிட்டதா?

4. எலும்பை எங்கிருந்து எடுப்பீர்கள்? அந்த இடத்தில் எவ்வளவு நாள் வலி இருக்கும்?

5. நான் செய்யும் வேலைக்கு எத்தனை மாதத்தில் திரும்பலாம்? கூடியதை எந்த ஸ்கேன் மூலம் உறுதிசெய்வீர்கள்?

ஐந்தாவது கேள்வியைக் கேட்கும்போது உங்கள் வேலை என்ன என்பதை விளக்கமாகச் சொல்லுங்கள். கம்ப்யூட்டரில் தட்டுபவருக்கும் செங்கல் தூக்குபவருக்கும் பதில் ஒன்றாக இருக்காது.

வீட்டில் யாராவது கையூன்றி விழுந்து, இரண்டு வாரம் ஆகியும் கட்டைவிரல் அடிப் பள்ளத்தில் அழுத்தினால் வலிக்கிறது என்கிறார்களா? முதல் எக்ஸ்-ரே 'நார்மல்' என்று வந்திருந்தாலும் பரவாயில்லை. அந்த ரிப்போர்ட்டையும் எடுத்துக்கொண்டு இந்த வாரமே எலும்பு மருத்துவரைப் பாருங்கள்!